சதுரங்கப்பட்டினத்துக் கரையில் ஒரு முதல் மனிதன்

கேளம்பாக்கத்தில் பதினோராவது மாடியில் புதுமனை புகுவிழா. பசுவை லிப்டில் ஏற்ற முடியாது என்பதால் கீழே கார்கள் நிற்கும் இடத்திலேயே அதற்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து, குங்குமம் வைத்து அனுப்பிவிட்டார்கள். மேலே ஹோமப் புகையில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோது என் அண்ணன் பூபாலன் புரோகிதர் பக்கம் குனிந்து தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"சாமி, உங்க வீட்ல உலகம் எப்படி உண்டாச்சுன்னு சொல்வாங்க?"

புரோகிதர் நெய்க் கரண்டியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "நேரம் தாண்டிடும். சாப்பாட்டுல சொல்றேன்" என்றார். சொன்னபடி பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆதியில் ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம். அது சுற்றுமுற்றும் பார்த்தது. தன்னைத் தவிர ஒருவரும் இல்லை. உடனே 'நான்' என்றது. உலகத்தில் சொல்லப்பட்ட முதல் சொல் அதுதான். சொன்ன மறுகணமே அதற்குப் பயம் வந்துவிட்டது. பிறகு, வேறு யாருமே இல்லாதபோது யாரைப் பார்த்துப் பயப்படுவது என்று யோசித்ததும் பயம் போனது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. தனியாக இருக்கிறவனுக்குச் சந்தோஷம் ஏது? அதனால் தன்னையே இரண்டாகப் பிளந்துகொண்டது.

"பாயசம் விட்டுக்கோங்கோ" என்று கதையை முடித்தார் புரோகிதர்.

அண்ணனுக்கு இந்தக் கதை முன்பே தெரியும். ஆனாலும் முதல் தடவை கேட்பவர் போல் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் மலேசியாவில், தைப்பிங்கில் பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் தபால்தலை சேர்ப்பதுபோல் அவர் படைப்புக் கதைகள் சேர்க்கிறார். புத்தகத்தில் படித்தது கணக்கில் சேராது. ஒருவர் வாயிலிருந்து கேட்டிருக்க வேண்டும். எதையும் எழுதி வைப்பதும் இல்லை. சரவாக்கிலிருந்து வந்த இபான் பழங்குடி ஆசிரியர் ஒருவர் விடுதியில் சொன்ன கதையில், வெறும் தண்ணீருக்கு மேல் இரண்டு பறவைகள் வந்து இரண்டு முட்டைகளை எடுத்து ஒன்றை வானமாகவும் ஒன்றை நிலமாகவும் ஆக்குகின்றன. பிறகு மண்ணில் மனிதனைச் செய்து வைத்துக் கூவுகின்றன. அவன் பதில் குரல் கொடுக்கிறான். லூமுட் துறைமுகத்தில் சந்தித்த ஒரு நார்வே கப்பல்காரரின் கதையில், கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் இரண்டு மரக்கட்டைகளுக்கு தெய்வங்கள் மூச்சும் புத்தியும் முகமும் கொடுக்கின்றன.

"உலகம் உண்டானதை எல்லாரும் சட்டுனு முடிச்சிடுறாங்க சரசு" என்பார் என்னிடம். "மனுஷன் தான் இருக்கிறதைத் தானே கவனிச்சானே, அந்த இடம் வந்ததும்தான் நிதானமா சொல்றாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான்."

எனக்கு ஈப்போவில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை. நான் பார்த்தவரை, பால்பல் விழுந்த குழந்தை முதலில் அழுவதே இல்லை. கையில் கண்ணாடியைக் கொடுத்து வாயைக் காட்டினால்தான் அழும். இதை ஒருமுறை அண்ணனிடம் சொன்னேன். ஒரு முழுக் கதை கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார்.

இந்தப் பயணத்துக்கு அவரோடு வந்திருக்க வேண்டியது நான் அல்ல, ராஜம் அண்ணி. வீடு வாங்கிய உறவினர் அண்ணி பக்கத்துப் பையன். விழா முடிந்து மாமல்லபுரம் போய், பூமியைத் தண்ணீரிலிருந்து தூக்கி எடுக்கும் வராகத்தைப் பார்ப்பது என்று இருவரும் திட்டம் போட்டிருந்தார்கள். கார்த்திகையில் அண்ணி தூக்கத்திலேயே போய்விட்டார். டிக்கெட் இருந்தது. அண்ணனைத் தனியாக அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. நான் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் கேளம்பாக்கம் முனையில் பேருந்துக்கு நின்றோம். நிறைய வந்தன, எல்லாவற்றிலும் தொங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்களுக்கும் ஒரு மீன் கூடைக்கும் நடுவில் பாதித் தூரம், பிறகு ஒரு பேருந்தில் மீதித் தூரம். எங்கள் ஊரில் பேருந்து நின்ற பிறகுதான் ஏறுவோம். இங்கே அது மெதுவாகும் சமயத்தைப் பார்த்து ஏற வேண்டும். அண்ணன் பையைப் பிடித்துக்கொண்டு சிறுபையன் மாதிரி ஓடி ஏறினார்.

மாமல்லபுரத்தில் விடுதி மேலாளரிடம் "பசியாற எங்கே நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். நாள்கணக்கில் சாப்பிடாதவள் என்று நினைத்திருப்பார் போல. மலேசியாவில் காலை உணவையே பசியாறுதல் என்போம் என்று விளக்கினேன். "ஓ, நாஸ்தாவா. அப்டி சொல்லுங்க" என்று எதிர்க்கடையைக் காட்டினார். இட்லி எங்கள் ஊர் இட்லியைவிட இரண்டு மடங்கு மென்மை. சாம்பார் மட்டும் எனக்குத் தித்திப்பாகப் பட்டது. "ராஜம் இருந்தா ரெசிபி கேட்டிருப்பா" என்றார் அண்ணன். வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். அண்ணியைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் அப்படித்தான்.

வராக மண்டபத்தில் நெடுநேரம் நின்றோம். பன்றி முகத்தோடு பெருமாள். அவர் தொடையில் இப்போதுதான் தண்ணீரிலிருந்து வந்த பூமிதேவி. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "அவள் ஏன் வேறெங்கும் பார்க்காமல் அவரையே ஒட்டிக்கொண்டிருக்கிறாள்?" அப்பா கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "வெளியே வந்ததும் அவள் பார்த்த முதல் முகம் அது." அண்ணன் அவரைத் தோளில் தட்டிப் பாராட்டினார். அந்த மனிதர் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பெரிய பாறைச் சிற்பத்தில் அண்ணனுக்குப் பிடித்தது யானைகள் அல்ல, ஒரு பூனை. முன்கால்களைத் தூக்கித் தவசி மாதிரி நிற்கிறது. காலடியில் எலிகள். "இந்தப் பூனைக்குத் தான் யாருன்னு தெரியும்" என்றார். "மத்தவன் கண்ணுக்கு நாம எப்படித் தெரியறோம்னு தெரிஞ்சாத்தான் வேஷம் போட முடியும். 'நான்'கிறது அங்கேதான் ஆரம்பிக்குது." "அப்ப முதல் 'நான்' திருட்டுப் பூனையா?" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

மாலையில் கடற்கரையில் மணலால் கட்டிய சின்னச் சின்னப் படிகள் கரைந்துகொண்டிருந்தன. மேலே வாடிய பூக்கள். மாசிமகத்துக்கு இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இங்கே தங்குவார்களாம். அவர்களுடைய கன்னியம்மா பௌர்ணமியன்று கடலிலிருந்து கரைக்கு வருவாளாம். விடிகாலையில் அவள் முன்னால் கல்யாணங்களும் நடக்குமாம். சுண்டல் விற்றவர் சொன்னார். நாங்கள் சில நாள் பிந்தி வந்துவிட்டோம். அண்ணன் அந்தப் படிகளைச் சுற்றிக்கொண்டு நடந்தார், ஒன்றையும் மிதிக்காமல்.

மூன்றாம் நாள் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை. மலாக்காவில் அதே டச்சுக்காரர்கள் கட்டியதற்குச் சிவப்புச் சாயம் பூசி, வாசலில் பூப்போட்ட ரிக்‌ஷாக்களை நிறுத்தி வைத்திருக்கிறோம். இங்கே எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாமே. விடுதி மேலாளர் ஓர் ஆட்டோவை வரச் சொன்னார். ஓட்டி வந்தவர் ஒரு பெண். காக்கிச் சட்டைக்குள் பூப்போட்ட சுடிதார், நெற்றியில் பொட்டு இல்லை, கைப்பிடியில் ஒரு சின்ன மரச் சிலுவை.

"எஸ்தரு. அச்சரப்பாக்கம் பக்கம்" என்றார். "நாஸ்தா துன்ட்டீங்களாக்கா? வழில ஒண்ணும் கெடைக்காது."

அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் மற்றவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அவர் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, மேற்பார்வையாளரோடு ஒத்துவராமல் ஆட்டோ வாங்கியிருந்தார். இதெல்லாம் புதுப்பட்டினம் வருவதற்குள் நாங்கள் தெரிந்துகொண்டது. புதுப்பட்டினத்தில் பின்சக்கரம் பஞ்சர்.

"பேஜாரு" என்று இறங்கி, என்னை ஆட்டோவின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தானே சக்கரத்தைக் கழற்றினார். அண்ணன் இதுதான் சமயம் என்று தன் கேள்வியைப் போட்டார்.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. ஆதாம் ஏவாளுதான், வேற இன்னா" என்றார் எஸ்தர், கையெல்லாம் கிரீசோடு. "பழத்தத் துன்னுட்டாங்க. வெக்கம் வந்துச்சு. ஒளிஞ்சிக்கினாங்க. ஆண்டவரு வந்து எங்க கீறன்னு கேட்டாரு."

"அவருக்குத் தெரியாதா எங்கே இருக்கான்னு?"

"அவருக்குத் தெரியாததா? அவன் வாயாலயே சொல்லட்டும்னு கேட்டாரு." ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். "எனக்குப் புடிக்காத இடம் அது இல்ல. பழத்தத் துன்னா செத்துடுவீங்கன்னு மொதல்லயே சொல்லிட்டாரு இல்ல. அப்பவே செத்தாங்களா? இல்ல. ஒருநாளு சாவோம்னு தெரிஞ்சிகினு ரொம்ப வருஷம் இருந்தாங்க. அதுதான் தண்டன."

அண்ணன் சக்கரம் மாட்டி முடியும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டை எனக்குப் பிடித்தது. சாயம் பூசவில்லை; பெரும்பகுதி இடிந்தது இடிந்தபடி. உள்ளே கல்லறைகளில் மண்டையோடும் எலும்பும் செதுக்கிய கற்கள். ஆடு ஒன்று ஒரு டச்சுக் கனவான் மீது படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. வெளியே மீனவக் குப்பத்துக் கடையொன்றில் வஞ்சிரம் வறுவலும் குழம்பும் சாப்பிட்டோம். எங்கள் ஊரில் போடும் எலுமிச்சைப் புல் இல்லாமலே மீன் இவ்வளவு மணக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சாப்பிட்ட பிறகு அண்ணன் கால் நனைக்க வேண்டும் என்றார். எஸ்தர் ஆட்டோவில் சாய்ந்திருந்தார். நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன். அண்ணன் முழங்கால் ஆழத்தில் நின்றிருந்தார். ஒரு பெரிய அலை வந்து அவரைப் புரட்டிப் போட்டது. நான் எழுந்து ஓடுவதற்குள் அவரே எழுந்துவிட்டார். தலையில் அடி எதுவும் இல்லை. சட்டையிலிருந்து தண்ணீர் வழிய, கடலையும் படகுகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரசு, நாம எங்கே இருக்கோம்?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "சதுரங்கப்பட்டினம்ணே."

"அது எங்கே? இது பங்கோர் தீவு இல்லையா? நீ எப்ப ஈப்போலேருந்து வந்தே?"

கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தேன். தமிழ்நாடு, புதுமனை புகுவிழா, வராகம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கறையாகக் கேட்டுத் தலையாட்டினார். சொல்லி முடித்ததும் மறுபடி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சரசு, நாம எங்கே இருக்கோம்?"

அதே குரல், அதே சொற்கள், அதே இடத்தில் புருவம் மேலே போனது. பேர் கேட்டேன்; சொன்னார். பிறந்த தேதி, தைப்பிங் வீட்டு முகவரி, படிப்பித்த பள்ளி எல்லாம் சரியாகச் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்றால் தெரியவில்லை. தான் யார் என்பது தெரிகிறது. தான் எப்படி இங்கே வந்தோம் என்பதுதான் இல்லை. ஆதியில் தனியாக இருந்த அந்த ஒருவர் மாதிரி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண் திறந்தார். ஒவ்வொரு முறையும் கண்ணில் முதலில் வந்தது பயம்தான்.

பிறகு அதைக் கேட்டார். "ராஜம் எங்கே?"

நான் உண்மையைச் சொன்னேன். வேறு எதையும் யோசிக்க எனக்கு அவகாசம் இல்லை. "அண்ணி போயிட்டாங்கண்ணே. கார்த்திகையில."

அவர் மணலில் அப்படியே உட்கார்ந்தார். ஒரு சத்தம் வந்தது. அவரிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. சவ அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். பதினாறாம் நாள் சமையலுக்குக்கூடத் தானே கணக்குப் பார்த்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு யாரும் பார்க்கவில்லை. இப்போது இரண்டு கையாலும் மணலை அள்ளிப் பிடித்துக்கொண்டு, அண்ணியைச் சின்ன வயசில் கூப்பிட்ட பேரைச் சொல்லி அழுதார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். எஸ்தரும் ஓடி வந்தார்.

அழுகை நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டு, ஈரமான விரலைப் பார்த்தார். "கடல் தண்ணியா?" என்றார். "சரசு, நாம எங்கே இருக்கோம்?"

"பக்கவாதமா இருக்கும். ஏத்துங்கக்கா" என்றார் எஸ்தர். "செங்கல்பட்டுக்குப் போயிடலாம்." வலைக்காரர் ஒருவர் காத்து கருப்பு அடித்திருக்கும் என்று சொல்லி ஒரு பிடி உப்பைச் சுற்றிப் போட்டார். எஸ்தர் அதற்கும் குறுக்கே நிற்கவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாகப் பறந்தோம். வழியில் இரண்டாம் முறை அண்ணி எங்கே என்று கேட்டார். இரண்டாம் முறையும் உண்மையைச் சொன்னேன். கொஞ்சமாவது பழகியிருக்கும் என்று எங்கோ ஓர் அசட்டு நம்பிக்கை எனக்கு. இல்லை. முதல் தடவை எப்படியோ அப்படியேதான். ஆட்டோவின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். மலை வந்தது, மறைந்தது. அவர் முகம் தெளிந்தது. சுற்றிலும் பார்த்தார்.

மூன்றாம் முறை கேட்டபோது நான் சொன்னேன்: "வீட்ல இருக்காங்கண்ணே. தைப்பிங்ல."

"ஓ" என்றார். உடம்பு தளர்ந்து இருக்கையில் சாய்ந்தார். வயல்களைப் பார்க்க ஆரம்பித்தார். "ராஜமும் வந்திருக்கலாம்" என்றார்.

முன்னால் இருந்து எஸ்தரின் குரல் வந்தது. "அப்டி சொல்லாதக்கா."

"வேற என்ன சொல்றது?"

"எங்கப்பா செத்தப்ப எனக்குப் பரீட்சன்னு வூட்ல யாரும் சொல்லல. நல்லா கீறாருன்னு அனுப்பிச்சி வெச்சாங்க. நான் பாட்டுக்கு எழுதிட்டு, சிரிச்சிகினே வூட்டுக்கு வந்தேன். இன்னி வரைக்கும் எங்கம்மாவ அந்த ஒண்ணுக்கு மன்னிக்கல. அவரு சமாச்சாரம் அவருக்குச் சொந்தம்க்கா. நீ எடுத்து வெச்சிக்காத."

"இதோட ரெண்டு தடவை அவரைக் கொன்னுட்டேன் எஸ்தர். இன்னும் எத்தனை தடவை?"

எஸ்தர் லாரி ஒன்றை முந்தினார். அதன்பிறகு அண்ணன் கேட்ட போதெல்லாம் அண்ணி தைப்பிங்கில் இருந்தார், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், போன் செய்தால் எடுக்கவில்லை, கடைக்குப் போயிருப்பார். பொய் இவ்வளவு சுலபமாக வளரும் என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் நானே அதை நம்பத் தொடங்கினேன். கொளவாய் ஏரி தெரிந்தபோது, அண்ணிக்கு இந்த ஏரியைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று நினைத்துப் போனைக் கையில் எடுத்தும்விட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் இருவரையும் உட்கார வைத்துவிட்டு நான் டாக்டரைத் தேடிப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணன் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டாரு" என்றார் என்னிடம், மெல்ல. "எங்கிட்ட கேட்டாருக்கா. என் வீட்டுக்காரி எங்கேம்மான்னு."

"என்ன சொன்னீங்க?"

"வந்துகினு கீறாங்கன்னு சொல்லிட்டேன்." முகத்தைக் காக்கிச் சட்டையின் கையால் துடைத்துக்கொண்டார். "அந்தக் கண்ணப் பாத்தா வாயி வரமாட்டேன்னுச்சுக்கா."

டாக்டர் சின்ன வயசுக்காரர், திருநெல்வேலிப் பேச்சு. தலையை ஸ்கேன் எடுத்தார், கை கால்களைத் தட்டிப் பார்த்தார், விரலை நீட்டி எண்ணச் சொன்னார். எல்லாம் முடிந்து என்னைத் தனியே கூப்பிட்டார். "பயப்படாதிய. பக்கவாதம் இல்ல. இது திடீர்னு வார ஒரு மறதி. குளுந்த தண்ணி, பெரிய அதிர்ச்சி, மனசுல பாரம், எதுலயும் வரலாம். ராத்திரிக்குள்ள தானா சரியாயிரும். ஆனா இந்த நேரம் மட்டும் அவுகளுக்குத் திரும்ப ஞாபகம் வராது. கேமராவுல பிலிம் போடாம படம் எடுத்த மாதிரி."

அவர் சொன்னபடியே நடந்தது. சாயங்காலம் கேள்விகளுக்கு நடுவில் இடைவெளி நீண்டது. விளக்கு போடும் நேரத்தில் அண்ணன் என்னைப் பார்த்து, "இது செங்கல்பட்டுன்னு சொன்னே இல்லே?" என்றார். முதன்முறையாக ஒரு பதிலை அவர் கையில் வைத்திருந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எஸ்தர் அதுவரை போகவில்லை. "அப்ப நான் கெளம்பறேன், வூட்ல தேடுவாங்க" என்று அப்போதுதான் எழுந்தார். அண்ணன் அவரிடம், "நீங்க யாரும்மா, தெரியலையே" என்றார். "ஆட்டோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார்.

காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ், ஆட்டோ எதுவும் வேண்டாம், ரயிலில் தாம்பரம் போய் அங்கிருந்து உறவினர் காரில் போகலாம் என்று முடிவு செய்தேன். செங்கல்பட்டிலேயே கிளம்பும் ரயில் என்பதால் உட்கார இடம் கிடைத்தது. எங்களுக்கு எதிரே ஜன்னலோரம் ஒரு பெண் பூ கட்டிக்கொண்டு வந்தார். அண்ணனுக்கு வராகம் ஞாபகம் இருந்தது. பூனை ஞாபகம் இருந்தது. பஞ்சர் பாதி ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி விளக்கு. நடுவில் ஒன்றுமே இல்லை. அவருக்கு அது பயமாக இல்லை, ஆச்சரியமாக இருந்தது. ஆசிரியர் தோரணையில் விசாரித்தார்.

"பேசினேனா?"

"நிறைய."

"புத்தியா பேசினேனா?"

"எங்கே இருக்கோம்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"அதானே முதல் கேள்வி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சிங்கப்பெருமாள் கோயில் போனது. அவர் குரலைத் தாழ்த்தினார். "ராஜத்தைக் கேட்டேனா?"

பொய் சொல்ல எனக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். எஸ்தர் ஆட்டோவில் சொன்னது நினைவுக்கு வந்ததா, இல்லை களைத்துப் போயிருந்தேனா, தெரியவில்லை. "கேட்டீங்க. ரெண்டு தடவை உண்மையைச் சொன்னேன். அதுக்கப்புறம் சொல்லலை. வீட்ல இருக்காங்கன்னு சொன்னேன்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு யோசித்தார். "ரெண்டு தடவை சொன்னப்ப நான் என்ன செஞ்சேன்?"

"அழுதீங்க."

"நானா?"

"ஆமாண்ணே."

"எனக்குத் தெரியவே தெரியாதே சரசு. நான் அழலையே. அழவே வரலையே இத்தனை நாளா." உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியாம அழுதா, அது யாரு?"

அவர் சேர்த்து வைத்திருந்த எந்தக் கதையிலும் இதற்குப் பதில் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நான் பார்த்தது மட்டும்தான் என்னிடம் இருந்தது.

"நீங்கதான்ணே. நான் பக்கத்துல இருந்தேன்."

"எப்படி அழுதேன்? சொல்லு."

தலையைச் சாய்த்து, கேட்பதற்குத் தயாரானார். நான் சொன்னேன். அலை வந்தது, மணலில் உட்கார்ந்தது, இரண்டு கையாலும் மணலை அள்ளியது, அந்தச் சத்தம், வலைக்காரர்கள் எழுந்து வந்தது. அண்ணியின் பேரைச் சொல்லி, சின்ன வயசில் கூப்பிடுவாரே, அந்தப் பேரைச் சொல்லி அழுதது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கூடுவாஞ்சேரி வந்தபோது நான் ஆட்டோ கம்பியில் அவர் நெற்றியை வைத்த இடத்துக்கு வந்திருந்தேன்.

அவர் தோள்கள் அசைய ஆரம்பித்தன. கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது, இந்த முறை மெதுவாக, விட்டுவிட்டு. பெட்டியில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறை மூச்சு வாங்கும்போதும் அவர் என்னைப் பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்று கேட்கவில்லை.

எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த பெண் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கூடையை மடியில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பெரிவரே, இப்படி ஜன்னலாண்ட வந்து உக்காருங்க" என்றார். "காத்து வரும்."

அண்ணன் எழுந்து போய் அங்கே உட்கார்ந்து அழுதார்.